பத்திரிகையில் பெயர் போட ஒரு ஸ்கிரிப்ட் எழுத்துரு: கிரேட் வைப்ஸை முதன்முறை கையாள்பவருக்கு

கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மற்ற வரிகளெல்லாம் நேராக நிற்கும். மணமக்களின் பெயர் மட்டும் வலப்பக்கம் சாய்ந்து, முதலெழுத்தில் பெரிய சுழியோடு, பேனாவை எடுக்காமல் எழுதியதுபோல ஓடும். பார்க்கக் கையெழுத்து மாதிரி இருந்தாலும் பெரும்பாலும் அது ஓர் எழுத்துருதான். இந்த வகைக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரிப்ட்களில் எங்கு திரும்பினாலும் கண்ணில் படுவது கிரேட் வைப்ஸ். அமெரிக்க எழுத்துக் கலைஞர் ராபர்ட் லுஷ்கே தன் டைப்செட்இட் நிறுவனத்தின் வழியாக வெளியிட்டது. கூகுள் ஃபான்ட்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

டிசைனரிடம் போகாமல் கேன்வாவிலோ வேர்டிலோ கோரல் டிராவிலோ தானே பத்திரிகை, கடை லேபிள், சான்றிதழ் செய்து பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கிரேட் வைப்ஸை மாதிரியாக எடுத்துக்கொள்வோம். சொல்லப்போவதில் பெரும்பகுதி மற்ற ஸ்கிரிப்ட்களுக்கும் பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது பெயருக்கான எழுத்து, வாசகத்துக்கானது அல்ல. ஒரு பக்கத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் இதில் போட்டால் படிப்பவர் கண்ணைச் சுருக்க ஆரம்பித்துவிடுவார்.

பேனாவிலிருந்து வந்த எழுத்து

வரலாறு எதற்கு என்று தாண்டிப் போகவேண்டாம். பின்னால் வரும் விதிகள் எல்லாம் இதிலிருந்துதான் பிறக்கின்றன.

17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தில் வணிகமும் கடிதப் போக்குவரத்தும் பெருகின. வேகமாகவும் ஒரே சீராகவும் எழுத ஒரு பாணி தேவைப்பட்டது. அப்படி வளர்ந்ததுதான் ரவுண்ட் ஹேண்ட். சார்லஸ் ஸ்னெல் போன்ற எழுத்தாசிரியர்கள் இதைக் கற்பித்தார்கள். ஜார்ஜ் பிக்கம் என்ற செதுக்குக் கலைஞர் அத்தகையவர்களின் மாதிரிகளைச் செப்புத் தகட்டில் செதுக்கி 1733 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். செப்புத் தகடு வழியாகப் பரவியதால் காப்பர்பிளேட் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் பிளாட் ரோஜர்ஸ் ஸ்பென்சர் இதிலிருந்து சற்று விலகி வேறொரு பாணியை உருவாக்கினார். 1886இல் ஃபிராங்க் ராபின்சன் எழுதிய கோகோ கோலா என்ற பெயர் அந்த ஸ்பென்சர் பாணிதான்.

இந்த எழுத்துகளின் உயிர் கூர்முனைப் பேனாவில் இருக்கிறது. கீழே இழுக்கும்போது அழுத்தினால் முள் இரண்டாகப் பிரிந்து கோடு தடிக்கும். அழுத்தாமல் மேலே இழுத்தால் மயிரிழை போன்ற கோடு விழும். தடிமனும் மெலிவும் மாறி மாறி வருவதில்தான் அழகு. நம் ஓலைச்சுவடியில் இந்த விளையாட்டுக்கு இடமில்லை. எழுத்தாணி கீறும் கோடு ஏறக்குறைய முழுக்க ஒரே தடிமன்தான். ஆங்கில ஸ்கிரிப்டுக்குச் சரியான தமிழ் இணை தேடுபவர்களுக்கு அது கைக்குச் சிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஈய எழுத்துக் காலத்தில் இந்தக் கையை அச்சுக்குக் கொண்டுவருவது பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டை. சாய்ந்த எழுத்தின் முனை கட்டையைத் தாண்டி வெளியே நீட்டினால் உடையும். நீட்டாவிட்டால் அடுத்த எழுத்தோடு சேராது. ஈயக் கட்டைக்குப் பதில் ஒளியால் எழுத்தைப் படியவைக்கும் ஒளி அச்சுக்கோப்பு வந்தபின்தான் இந்தத் தொல்லை தீர்ந்தது. 1960களின் நடுவில் மாத்யூ கார்ட்டர் வரைந்த ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் அந்தச் சுதந்திரத்தில் பிறந்தது. கணினியில் இன்னும் கட்டு அவிழ்ந்தது. 1998இல் ஹெர்மன் சாஃப் வெளியிட்ட சாஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் உண்டு. மேக் வைத்திருப்பவர்கள் அதன் பெயரையே அந்த எழுத்துருவில் தட்டச்சு செய்து பாருங்கள். ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே அலங்கார வடிவமாக மாறும்.

சரி, வேலைக்கு வருவோம்.

இறக்குவதும் உரிமமும்

கூகுள் ஃபான்ட்ஸில் கிரேட் வைப்ஸ் என்று தேடி இறக்கினால் ஒரு ஜிப் கோப்பு வரும். அதைப் பிரித்தால் உள்ளே எழுத்துருக் கோப்பும் உரிமக் கோப்பும் இருக்கும். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின்மேல் வலது சொடுக்கு, இன்ஸ்டால். மேக்கில் இரட்டைச் சொடுக்கு, ஃபான்ட் புக் திறக்கும். நிறுவும்போது வேர்ட் திறந்திருந்தால் மூடித் திறந்த பிறகு பட்டியலில் தெரியும். கேன்வாவில் இது ஏற்கெனவே இருப்பதால் எதையும் இறக்க வேண்டாம்.

உரிமம் எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸ். பத்திரிகை அச்சடித்து விற்கலாம், கடைப் பெயர்ப்பலகையில் போடலாம், வலைத்தளத்தில் ஏற்றலாம், காசு கொடுக்க வேண்டாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக்கூடாது. 'இலவச ஃபான்ட்' என்று குவித்து வைத்திருக்கும் மற்ற தளங்களில் எடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். அங்கே பல ஸ்கிரிப்ட்களில் 'சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்று சிறிய எழுத்தில் இருக்கும். தங்கை கல்யாணத்துக்கு அது போதும். கேக் கடை லோகோவுக்குப் போதாது.

உங்கள் பெயரைப் போட்டுப் பாருங்கள்

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது தளத்தில் காட்டும் மாதிரி வாக்கியத்தை நம்பக்கூடாது. அது அந்த எழுத்துருவின் நல்ல பக்கத்தைக் காட்டத் தேர்ந்தெடுத்தது. அச்சாகப்போகும் பெயரை அப்படியே தட்டச்சு செய்து பாருங்கள். நம் பெயர்களில் இந்த எழுத்துருக்கள் திணறும் இடங்கள் சில உண்டு. ஐரோப்பியப் பெயர்களை மனத்தில் வைத்து வரைந்தவர்களுக்கு அவை தோன்றியிருக்காது.

முதல் சிக்கல் இனிஷியல். ஸ்கிரிப்டின் பெரிய எழுத்து ஒரு சொல்லின் தொடக்கத்தில் தனியாக நின்று, தன்னைத் தொடரும் சின்ன எழுத்துகளின்மேல் சுழியை விரிக்கவே வரையப்பட்டது. நாமோ எஸ். கே. என்று இரண்டு பெரிய எழுத்தைப் போட்டு, மூன்றாவதாகப் பெயரின் பெரிய எழுத்தையும் போடுகிறோம். மூன்று சுழியும் ஒன்றோடொன்று மோதும். நடுவில் புள்ளிகள் தொலைந்துபோகும். அதற்கு முன்னால் 'சி.' என்றோ 'சௌ.' என்றோ ஆங்கிலத்தில் போடும் வழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். வழி எளிது: 'சி.', 'சௌ.', இனிஷியல் மூன்றையும் சாதாரண எழுத்துருவில், பெயரைவிடச் சின்னதாக, முன்னால் போடுங்கள். பெயர் மட்டும் ஸ்கிரிப்டில் இருக்கட்டும். வீட்டுப் பெரியவர்கள் இனிஷியலும் அதே எழுத்தில்தான் வேண்டும் என்றால், இனிஷியல் எழுத்துகளை முக்கால் அளவுக்குக் குறைத்து, இடைவெளியைக் கையால் தள்ளிச் சரிசெய்யலாம். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் முடியும்.

அதோடு இன்னொன்று. ரவுண்ட் ஹேண்ட் வழிவந்த எழுத்துகளில் பெரிய ஐ-யும் பெரிய ஜே-யும் ஒன்றுபோலவே தெரியும். டி-க்கும் எஃப்-க்கும் நடுவில் ஒரு சிறு குறுக்குக் கோடுதான் வித்தியாசம். எல்-ஐ எஸ் என்று படித்தவர்களை நிறையப் பார்க்கலாம். ஒரு சொல்லுக்குள் வந்தால் சூழலை வைத்து ஊகித்துவிடுவார்கள். இனிஷியலில் ஊகிக்க வழியில்லை. ஜே. என்பதை ஐ. என்று படித்தால் அது அப்பாவின் பெயரையே மாற்றிவிடும். பத்திரிகையைக் கையில் வாங்கியதும் உறவினர்கள் முதலில் சரிபார்ப்பது அதைத்தான்.

அடுத்தது ழ-கரம். மலர்விழி, யாழினி, குழலி என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது இசட்டும் எச்சும் சேர்ந்து வரும். பல ஸ்கிரிப்ட்களில் சின்ன இசட் வரிக்குக் கீழே இறங்கி வளையும். பழக்கமில்லாத கண்ணுக்கு அது ஒய்யாகவோ ஜி-யாகவோ தெரியும். விவரம் தெரியாத ஒருவரிடம் காட்டி 'இது என்ன பெயர்?' என்று கேளுங்கள். தயங்கினால் எழுத்துருவை மாற்றுங்கள். இந்தச் சோதனையைப் பெயர் தெரிந்தவரிடம் செய்து பயனில்லை. அவர் எழுத்தைப் படிக்கமாட்டார், தெரிந்ததைச் சொல்லிவிடுவார்.

ஐயனார், ஐயப்பன் போன்ற பெயர்களை இரண்டு ஒய் போட்டு எழுதுவார்கள். இரண்டு சுழியும் கீழே தொங்கும். அடுத்த வரியில் எல், கே, எச் போல உயரமான எழுத்து அதே இடத்தில் வந்தால் இரண்டும் பின்னிக்கொள்ளும். இரட்டை எழுத்துகளில் வேறொரு குறையும் வெளிப்படும். கையால் எழுதும்போது அடுத்தடுத்து வரும் இரண்டு எழுத்து ஒருபோதும் ஒரே அச்சாக இருக்காது. எழுத்துருவில் இருக்கும். கையெழுத்து மயக்கம் கலைவது அங்கேதான்.

பட்டப்படிப்பு வேறு இருக்கிறது. பெயருக்குப் பின்னால் பி.இ., எம்.பி.ஏ. போடாமல் நம் பத்திரிகை நிறைவடையாது. அதை எக்காரணம் கொண்டும் ஸ்கிரிப்டில் போடாதீர்கள். பெயருக்குக் கீழே தனி வரியில், நேரான எழுத்துருவில், சின்னதாக வைத்தால் பெயரும் தப்பிக்கும், பட்டமும் படிக்கும்படி இருக்கும்.

இரண்டு பெயருக்கும் நடுவில் 'வெட்ஸ்' என்ற சொல் வரும். பெயர்களோடு சேர்த்து அதையும் ஸ்கிரிப்டில் போட்டால் மூன்று பெயர் போலத் தெரியும். அதைச் சின்ன நேர் எழுத்தில் போடலாம். அல்லது சொல்லையே விட்டுவிட்டு 'அண்ட்' குறியைப் போடலாம். இந்த எழுத்துருக்களில் வரைந்தவர் ஆசையாகச் செய்த குறி அதுவாகத்தான் இருக்கும். தனியாகப் பெரிதாக்கி மெல்லிய நிறத்தில் வைத்தால் வேறு அலங்காரமே தேவைப்படாது.

அளவு, இடைவெளி

ஸ்கிரிப்டில் சின்ன எழுத்துகளின் உயரம் மிகக் குறைவு. மேலும் கீழும் நீளும் சுழிகள்தான் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. அதனால் 12 பாயின்ட் என்று போட்டால் டைம்ஸ் நியூ ரோமனின் 12 பாயின்ட்டைவிட மிகச் சிறிதாகத் தெரியும். ஐந்துக்கு ஏழு அங்குல அட்டையில் மற்ற வாசகம் 10 பாயின்ட் இருந்தால் பெயரை 30 பாயின்ட்டில் தொடங்கி ஏற்றிப் பாருங்கள். 20க்குக் கீழே இறங்கவேண்டி வந்தால் அந்த இடத்துக்கு ஸ்கிரிப்ட் வேண்டாம்.

எழுத்துகளுக்கு இடையே உள்ள இடைவெளியை, அதாவது டிராக்கிங் அல்லது லெட்டர் ஸ்பேசிங் என்பதை, பூஜ்யத்தில் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு எழுத்தும் ரயில் பெட்டியின் கொக்கிபோல அடுத்ததைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலே கொக்கி கழன்று, எழுத்துக்கு எழுத்து வெட்டுத் தெரியும். கேன்வாவின் ஆயத்த வார்ப்புருவில் வேறு எழுத்துருவை மாற்றிப் போடும்போது பழைய இடைவெளி அப்படியே தங்கிவிடுவது உண்டு. இணைப்பு விட்டுப்போயிருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

முழுக்கப் பெரிய எழுத்தில் போடாதீர்கள். சுழிகளின் குவியலாகிவிடும். தேர்தல் பேனர் பழக்கத்தில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கும் கை சிலருக்கு உண்டு; இங்கே அதை அடக்கிக்கொள்ள வேண்டும்.

போல்டு பொத்தானையும் இட்டாலிக் பொத்தானையும் தொடவேண்டாம். கிரேட் வைப்ஸில் ஒரே ஒரு தடிமன்தான் உண்டு. நீங்கள் போல்டு அழுத்தினால் மென்பொருள் எல்லாக் கோட்டையும் சுற்றிலும் ஊதிப் பெரிதாக்கும். தடிமன்-மெலிவு விகிதமே கெட்டுவிடும். ஏற்கெனவே சாய்ந்த எழுத்தை இட்டாலிக் இன்னும் சாய்த்து விழவைக்கும்.

வேர்டில் வரி இடைவெளியை 'எக்ஸாக்ட்லி' என்று வைத்திருந்தால் பெரிய எழுத்தின் தலை வெட்டுப்படும்; அதை 'சிங்கிள்' அல்லது 'அட் லீஸ்ட்' ஆக்கினால் சரியாகும். வீடியோ எடிட் செய்யும் சில செயலிகளில் முதலெழுத்தின் இடப்பக்கச் சுழியும் கடைசி எழுத்தின் வாலும் பெட்டியின் ஓரத்தில் அறுந்துபோகும். பெயருக்கு முன்னும் பின்னும் ஓரிரு வெற்றிடம் தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

நடுவில் வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. சென்டர் பொத்தான் கணக்குப்படி நடுவில் வைக்கும். ஆனால் இடப்பக்கம் பெரிய சுழி நீண்டிருந்தால் பெயரின் கனம் வலப்பக்கம் ஒதுங்கியதுபோலத் தெரியும். சுழியைக் கணக்கில் எடுக்காமல், தடித்த கோடுகளை மட்டும் பார்த்துக் கண்ணால் நடுவில் வையுங்கள்.

கூட நிற்கும் எழுத்துரு

ஸ்கிரிப்டுக்குத் துணையாக இன்னொரு ஸ்கிரிப்டைப் போடாதீர்கள். நேராக, அமைதியாக இருக்கும் ஓர் எழுத்துரு போதும். காரமண்ட் குடும்பத்தைச் சேர்ந்த எதுவும் பொருந்தும். கூகுளில் கார்மோரண்ட் காரமண்ட், ஈபி காரமண்ட் இரண்டும் இலவசம். கொஞ்சம் நவீனமாக வேண்டுமென்றால் மொன்செராட் அல்லது லாட்டோ. தேதி, முகூர்த்த நேரம், மண்டப முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இந்தத் துணை எழுத்துருவில்தான் வரவேண்டும். ஸ்கிரிப்ட் இலக்கங்களில் 1-உம் 7-உம் குழம்பும். முகூர்த்தம் தவறினால் எழுத்துருவின் அழகு உதவிக்கு வராது.

தமிழ்ப் பக்கம் என்ன செய்வது?

கிரேட் வைப்ஸில் தமிழ் எழுத்துகள் கிடையாது. யூனிகோடில் தட்டச்சு செய்த தமிழைத் தேர்ந்தெடுத்து கிரேட் வைப்ஸ் என்று மாற்றினால், பெயர் மட்டும் பட்டியலில் மாறும். திரையில் கணினி தன்னிடமுள்ள நிர்மலா, லதா போன்ற ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைத்தான் காட்டும். சில மென்பொருள்களில் கட்டங்கள் வரும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் கதை வேறு. அங்கே உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகள்தான். பாமினி அவற்றுக்குத் தமிழ் முகமூடி போடுகிறது. எழுத்துருவை மாற்றியதும் முகமூடி கழன்று, அழகிய சுழிகளோடு, நடுநடுவே அரைப்புள்ளி விழுந்த, ஒரு பொருளும் இல்லாத ஆங்கில எழுத்து வரிசை வரும். ஆவணம் முழுவதையும் தேர்ந்தெடுத்து எழுத்துரு மாற்றும் பழக்கம் இருப்பவர்கள் கவனிக்கவேண்டிய இடம் இது. டி.டி.பி. கடைகளில் இன்றும் பாமினிக் கோப்புகள் புழங்குகின்றன. முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டால் பின்னால் பல தலைவலி குறையும்.

தமிழுக்கும் கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் கவிவாணர் இருக்கிறது. இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் வரைந்தது. இதுவும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். சாய்ந்த, பேனா ஓட்டம் தெரியும் தமிழ். எழுத்துகள் ஒன்றோடொன்று இணையாது, இணையவும் தேவையில்லை; தமிழ் எழுத்து இயல்பாகத் தனித்தனியே நிற்பதுதான். ஆங்கில ஸ்கிரிப்டின் சுழியைத் தமிழின்மேல் ஏற்றி, ல-வின் வாலையும் கொம்பையும் இழுத்து நீட்டிச் செய்யும் அலங்காரங்களை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கால் நீண்டால் அது வேறு உயிர்மெய்யாகப் படிக்கப்படும்.

என் விருப்பத்தைக் கேட்டால், இருமொழிப் பத்திரிகையில் தமிழ்ப் பக்கத்தில் பெயரை நல்ல தடித்த தமிழ் எழுத்துருவில் போட்டு, இரண்டு பக்கத்தையும் ஒரே நிறம், ஒரே ஓர அளவு ஆகியவற்றால் இணைப்பேன். சுழிக்குச் சுழி ஈடுகட்டப் பார்ப்பதில்லை.

ஒளிந்திருக்கும் மாற்று வடிவங்கள்

ஸ்கிரிப்ட் எழுத்துருக்கள் பலவற்றில் ஒரே எழுத்துக்கு வேறு வடிவங்களும், சொல்லின் முடிவில் போடும் வால்களும், இரண்டு எழுத்துகள் சேர்ந்த கூட்டெழுத்துகளும் உள்ளே இருக்கும். ஓப்பன்டைப் வசதிகள் என்று சொல்வது இவற்றைத்தான். எது எத்தனை இருக்கிறது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். வேர்டில் ஃபான்ட் பெட்டியைத் திறந்து அட்வான்ஸ்டு தாவலுக்குப் போனால் லிகேச்சர், ஸ்டைலிஸ்டிக் செட், கான்டெக்ஸ்சுவல் ஆல்டர்னேட் என்று வரிசையாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் இடைவெளியைச் சரிசெய்யும் கெர்னிங் தேர்வுப் பெட்டியும் அங்கேதான். அதில் டிக் இல்லாவிட்டால் போடுங்கள். லிப்ரே ஆபிஸில் எழுத்துப் பெட்டியிலேயே ஃபீச்சர்ஸ் பொத்தான் உண்டு. இங்க்ஸ்கேப்பிலும் எழுத்துரு உரையாடலில் தனித் தாவல் இருக்கிறது.

ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள், ஆனால் ஒரு பெயருக்கு ஓர் அலங்காரம் போதும். முதலெழுத்தில் பெரிய சுழி இருந்தால் கடைசியில் வால் வேண்டாம்.

அச்சகத்துக்கு அனுப்புமுன்

அச்சகத்தில் முதலில் கேட்பது 'கர்வ் பண்ணியாச்சா?' என்றுதான். உங்கள் கணினியில் இருக்கும் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லையென்றால் பெயர் வேறு எழுத்தில் விழும். அதனால் எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்ப வேண்டும். கோரல் டிராவில் பெயரைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், க்யூ. கர்வ் ஆக்கியபின் எழுத்துப்பிழையைத் திருத்த முடியாது. திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் சேமித்த பிறகே இதைச் செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் புரூஃப் பார்த்துச் சரி சொன்ன பிறகு செய்வது இன்னும் நல்லது, ஏனென்றால் சித்தப்பா பெயர் விடுபட்டது எப்போதும் கடைசி நாளில்தான் தெரியவரும்.

மயிரிழைக் கோடுகள்தான் அச்சில் பெரிய சிக்கல். ஆஃப்செட்டில் வெள்ளைத் தாளில் கால் பாயின்ட் தடிமன் இருந்தால் பொதுவாகத் தாக்குப்பிடிக்கும். அடர்ந்த நிறப் பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விட்டால் சுற்றியுள்ள மை பரவி மெல்லிய கோட்டை விழுங்கும். அங்கே அரைப் பாயின்ட்டாவது வேண்டும். சொரசொரப்பான கைக்காகித அட்டையில் மை பள்ளத்தில் இறங்காமல் கோடு விட்டுவிட்டு வரும். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் வலையின் கண்ணியைவிடக் கோடு மெலிந்தால் புள்ளி புள்ளியாக உடையும். கோல்டு ஃபாயில் போடும்போது இன்னொரு தொல்லை: மெல்லிய கோட்டில் ஃபாயில் ஒட்டாமல் போகும், அதேசமயம் ஆங்கிலச் சின்ன ஈ, ஏ போன்றவற்றின் உள் ஓட்டையில் ஃபாயில் அடைத்துக்கொள்ளும்.

தீர்வு இரண்டு. பெயரின் அளவைக் கூட்டுவது முதலாவது. கோடும் சேர்ந்து தடிக்கும். இடம் இல்லையென்றால், கர்வ் ஆக்கியபின் அதே நிறத்தில் 0.1 முதல் 0.2 பாயின்ட் வரை வெளிக்கோடு சேர்க்கலாம். அனுபவமுள்ள டிசைனர்கள் சத்தமில்லாமல் செய்வது இதுதான். இதுவும் ஒருவகை போல்டுதானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் அளவு உங்கள் கையில் இருக்கிறது. அரைப் பாயின்ட்டுக்குப் போனால் பேனாவின் ஓட்டம் மறைந்துவிடும்.

நிறத்தையும் பாருங்கள். நாலு மையையும் கலந்து வரும் பழுப்பு நிறத்தில் மெல்லிய ஸ்கிரிப்டைப் போட்டால், தட்டுகள் ஒரு மயிரளவு விலகினாலும் கோட்டுக்குப் பக்கத்தில் இளஞ்சிவப்பு நிழல் தெரியும். தனிக் கறுப்பிலோ, ஒரே தனி நிறத்திலோ போடச் சொல்லுங்கள். கணினித் திரையில் நன்றாகத் தெரிந்தது என்பது அச்சுக்கு உத்தரவாதம் அல்ல. நிஜ அளவில், வாங்கப்போகும் அட்டையிலேயே ஒரு மாதிரி எடுத்துத் தரும்படி கேளுங்கள். பெரும்பாலான கடைகளில் எடுத்துத் தருவார்கள்.

வெட்டி எடுக்கும் வேலைகள்

கேக்கின்மேல் குத்தும் பெயர், மரத்தில் லேசரால் வெட்டும் பெயர்ப்பலகை, கழுத்தில் தொங்கும் பெயர் டாலர், காரில் ஒட்டும் வினைல் எல்லாம் அச்சிலிருந்து வேறு. இங்கே எழுத்து உண்மையாகவே ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

ஸ்கிரிப்டில் அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். திரையில் அது தெரியாது. வெட்டும் இயந்திரம் ஒவ்வோர் எழுத்தின் ஓரத்தையும் தனித்தனியாக வெட்டும். இணையும் இடத்தில் குறுக்கே வெட்டு விழுந்து பெயர் துண்டாகும். அதனால் கர்வ் ஆக்கியபின் எல்லாவற்றையும் வெல்டு செய்ய, அதாவது ஒரே வடிவமாக இணைக்க வேண்டும். கோரலில் அதே பெயரில் கட்டளை இருக்கிறது, இங்க்ஸ்கேப்பில் யூனியன். பெரிய எழுத்துகள் பலவும் அடுத்த எழுத்தைத் தொடாமல் நிற்கும். அவற்றைக் கையால் நகர்த்தித் தொடவைத்த பிறகு வெல்டு செய்யுங்கள்.

சின்ன ஐ-யின் புள்ளி இன்னொரு வம்பு. நம் பெயர்களில் ஐ நிறைய. நித்திஷ் என்ற பெயரில் இரண்டு புள்ளி. வெட்டியதும் புள்ளி இரண்டும் தனியாக உதிர்ந்து குப்பையில் போகும். புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் உடலோடு சேர்க்கலாம், பக்கத்து உயரமான எழுத்தின் சுழியோடு ஒட்டலாம், அல்லது புள்ளியே இல்லாமல் விட்டுவிடலாம். டாலரில் பெரும்பாலும் கடைசி வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இந்த வேலைகளுக்கு கிரேட் வைப்ஸின் மயிரிழைகள் தாங்கா. மூன்று மில்லிமீட்டர் அக்ரிலிக்கில் கைபட்டாலே ஒடியும். தடிமன் மாறாத, உருண்ட பசிஃபிகோ போன்றதை எடுங்கள்.

திரையிலும் வலைத்தளத்திலும்

வலைப்பக்கத் தலைப்புக்குப் போடுவதாக இருந்தால் கைப்பேசியில் 32 பிக்ஸலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெனு, பொத்தான், படிவம் ஆகிய இடங்களில் வேண்டாம். வலைப்பக்கத்தின் சிஎஸ்எஸ் நிரலில் எழுத்துருப் பெயர்களை வரிசையாகக் கொடுக்கும் இடத்தில் கிரேட் வைப்ஸுக்குப் பிறகு கர்சிவ் என்ற பொதுப்பெயரைச் சேர்த்தால், எழுத்துரு இறங்காத கருவியில் ஏதாவது ஒரு கையெழுத்து வகை வரும். ஒரே ஒரு பெயருக்காக முழு எழுத்துருவையும் இறக்கவும் தேவையில்லை. கூகுள் ஃபான்ட்ஸ் இணைப்பில் டெக்ஸ்ட் என்ற அளவுருவில் தேவையான எழுத்துகளை மட்டும் கொடுத்தால், அவற்றை மட்டும் கொண்ட சிறிய கோப்பு வரும். போட்டோகிராபர்கள் படத்தின் ஓரத்தில் போடும் வாட்டர்மார்க்குக்கு இந்த எழுத்துரு அழகாக இருக்கும், ஆனால் படம் வாட்ஸ்அப்பில் சுருங்கும்போது பெயர் காணாமல் போகும்; அங்கேயும் அளவைக் கூட்டித்தான் ஆகவேண்டும்.

கிரேட் வைப்ஸ் ஒத்துவராவிட்டால்

பெயர் நீளமாக இருந்து சுழிகள் நெரிசலாகத் தெரிந்தால் அல்லூராவைப் போட்டுப் பாருங்கள். அதே லுஷ்கே வரைந்தது, சுழி குறைவு, படிப்பது எளிது. அவருடைய அலெக்ஸ் பிரஷ் தூரிகைச் சாயல் கொண்டது. வளைகாப்பு, பிறந்தநாள் அட்டைகளுக்குப் பொருந்தும். பழைய ரவுண்ட் ஹேண்டின் கம்பீரம் வேண்டும், சான்றிதழுக்கோ நூற்றாண்டு விழா மலருக்கோ என்றால் நிக்கோல் ஃபாலியின் பின்யான் ஸ்கிரிப்ட். பெரிய அளவில் மட்டும் போடுங்கள். தடிமனைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தால் பாப்லோ இம்பல்லாரியின் டான்சிங் ஸ்கிரிப்ட். அதில் சாதாரணத்திலிருந்து போல்டு வரை உண்மையான தடிமன்கள் உண்டு, அதனால் அங்கே மட்டும் போல்டு பொத்தானைத் தைரியமாக அழுத்தலாம்.